ஹோஸ் சோதனையில் நெருப்பு எங்கே?

தீயணைப்பு ஹோஸை எப்படித் தேர்வு செய்கிறார்கள் என்று கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். முதல் கேள்வி விட்டம். நிமிடத்துக்கு 150 காலன் தண்ணீர் ஓடும்போது, ஒன்றேமுக்கால் அங்குல ஹோஸில் நூறு அடிக்கு சுமார் 35 பிஎஸ்ஐ அழுத்தம் உராய்விலேயே போய்விடும். இரண்டரை அங்குலத்தில் வெறும் நாலரை. அப்போ பெரியதையே வாங்கிடலாமே? தண்ணீர் நிரம்பிய இரண்டரை அங்குல ஹோஸை மாடிப்படித் திருப்பத்தில் இழுத்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். அமெரிக்காவில் வீட்டுத் தீக்கு ஒன்றேமுக்கால்தான் அதிகம் புழங்குகிறது.

அங்கே என்எஃப்பிஏ தரநிலைப்படி வருஷா வருஷம் சோதனை. ஹோஸை நேராக விரித்து, தண்ணீர் நிரப்பி, உள்ளே இருக்கும் காற்றை முழுக்க வெளியேற்றணும். இதை லேசா எடுத்துக்கக் கூடாது: அழுத்தத்தில் சுருங்கிய காற்று உள்ளே இருந்து, ஹோஸும் கிழிந்தால், சவுக்கு மாதிரி வீசும். கப்ளிங் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, தாக்குதல் ஹோஸ் என்றால் குறைந்தது 300 பிஎஸ்ஐ வரை ஏற்றி, 5 நிமிடம் வைப்பார்கள். கோட்டுக்கும் கப்ளிங்குக்கும் இடைவெளி விழுந்தால் பிடி வழுக்குகிறது என்று அர்த்தம்.

இவ்வளவிலும் நெருப்பு எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா? 2014 மார்ச் 26 அன்று பாஸ்டன் பீக்கன் தெருவில், பலத்த காற்றில் பரவிய தீ ஹோஸையே எரித்துவிட்டது. அடித்தளத்தில் இருந்த இரண்டு வீரர்களுக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை, இருவரும் இறந்தார்கள். ஹோஸின் வெளியுறை பெரும்பாலும் பாலியெஸ்டர் அல்லது நைலான். பாலியெஸ்டர் 260 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகிவிடும். உள்ளே ஓடும் தண்ணீர் ஓரளவு காப்பாற்றும். காலியாகக் கிடக்கும் ஹோஸுக்கு அதுவும் இல்லை.

வாங்குவது நானாக இருந்தால், விலையைக் கேட்பதற்கு முன்னால் உறை என்ன நூல் என்று கேட்பேன்.