ஒரு வினாடிக்குப் பதினேழு மீட்டர்

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி எல்.எல்.ஆர். என்னும் பழகுநர் உரிமத்துக்குக் கட்டணம் 150 ரூபாய், அதற்கான தேர்வுக்கு 50, வண்டி ஓட்டிக் காட்டும் தேர்வுக்கு 300, உரிமம் வழங்க 200. ஒரு வகை வண்டிக்கு ஆக மொத்தம் 700 ரூபாய். இந்த 700 ரூபாய்க்கு நம் பிள்ளைகளிடம் எதைச் சோதிக்கிறோம்? எல்.எல்.ஆர். தேர்வில் சாலைக் குறியீடுகளையும் விதிகளையும் கேட்கிறோம். ஆர்.டி.ஓ. மைதானத்தில் காலை ஊன்றாமல் எட்டு போடச் சொல்கிறோம். எட்டு போடுவது தேவைதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மைதானத்தில் திடீரென்று திரும்பும் ஆட்டோ இல்லை, நின்ற பேருந்தின் மறைவிலிருந்து ஓடிவரும் குழந்தை இல்லை. கையும் இடுப்பும் தேறிவிடுகின்றன. கண் தேறியதா என்று யாரும் பார்ப்பதில்லை.

பயிற்சி நேரத்தையும் கணக்குப் பார்ப்போம். டிரைவிங் ஸ்கூலில் கார் பழக விதி கேட்பது குறைந்தது 21 நாள், 10 மணி நேர ஓட்டம். நாளுக்கு அரை மணிகூட வராது. கிளட்ச், கியர், ரிவர்ஸ் என்று அது கரைந்துவிடும். 2021இல் வந்த அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மையங்களுக்கான விதி அந்த மையங்களில் 29 மணி நேரம் கேட்கிறது: ஓட்டம் 21, வகுப்பு 8. இரு சக்கர வண்டிக்கோ நம் ஊரில் பெரும்பாலும் அண்ணனோ நண்பனோதான் ஆசிரியர். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் பேர் இரு சக்கர வண்டியில் போனவர்கள். இறந்த எல்லோரிலும் மூவரில் இருவர் 18 முதல் 45 வயதுக்குள் இருந்தவர்கள். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். நாளொன்றுக்கு 49 வீடுகளில் இழவு.

கண்ணைப் பழக்கினால் என்ன கிடைக்கும்? 60 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு வினாடியில் 17 மீட்டர் ஓடும். ஆபத்தை ஒரு வினாடி முன்னால் கண்டுகொண்டால் அந்தப் பதினேழு மீட்டர் கையில் மிஞ்சும். போனைப் பார்த்து இரண்டு வினாடி தொலைத்தால் 33 மீட்டர் கண்ணில்லாமல் ஓடியிருப்போம்.

நிறுத்தத்தில் ஒரு டவுன் பஸ் நிற்கிறது என்று வையுங்கள். நாம் 50 கி.மீ. வேகத்தில் அதைக் கடக்கிறோம். பஸ்ஸுக்கு முன்னாலிருந்து ஒரு குழந்தை வெளியே வரும்போது நமக்கும் அதற்கும் 20 மீட்டர். பார்த்து, புரிந்து, பிரேக்கைத் தொட ஒன்றரை வினாடி ஆகும். அதற்குள் வண்டி 21 மீட்டர் போயிருக்கும். பிரேக் பிடிப்பதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. இதே இடத்தில் பழகிய ஓட்டுநர் தூரத்திலேயே பஸ்ஸின் அடியில் தெரியும் இரண்டு சின்னக் கால்களைப் பார்த்து வேகத்தை 30க்கு இறக்கியிருப்பார். ஒன்றரை வினாடியில் பன்னிரண்டரை மீட்டர், காய்ந்த தார் ரோட்டில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 5 மீட்டர். குழந்தைக்கும் வண்டிக்கும் நடுவே இரண்டரை மீட்டர் மிச்சம். இரண்டு ஓட்டுநர்களுக்கும் கையும் பிரேக்கும் ஒன்றுதான்.

இதைக் கற்பிக்கவும் சோதிக்கவும் முடியும். பிரிட்டன் 2002 நவம்பரிலிருந்து செய்துவருகிறது. காருக்கான எழுத்துத் தேர்வோடு 14 காணொளிகள் காட்டுகிறார்கள். அவற்றில் 15 ஆபத்துகள் உருவாகின்றன. ஒவ்வொன்றையும் எவ்வளவு சீக்கிரம் கண்டுகொண்டு சொடுக்குகிறோமோ அதற்கேற்ப 5 மதிப்பெண் வரை. மொத்தம் 75, தேற 44 வேண்டும். கண்மூடித்தனமாகச் சொடுக்கிக்கொண்டே இருந்தால் அந்தக் காணொளிக்குப் பூஜ்யம். இந்தத் தேர்வு வந்த பிறகு, புதிய ஓட்டுநர்கள் தம்மீதும் தவறு உண்டு என்று ஒப்புக்கொண்ட சாலை விபத்துகளில், மிகக் குறைந்த வேகத்தில் நடந்தவற்றை விட்டுவிட்டால், சுமார் 11 சதவீதம் குறைந்ததாக அங்குள்ள ஆய்வு கண்டது.

அடிபட்ட பிறகு நாம் செலவழிக்கத் தயங்குவதில்லை. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, இலவசமாக ஏற்றது. அருமையான திட்டம். அடிபடுவதற்கு முன்பும் அதில் நூற்றில் ஒரு பங்கையாவது, ஓர் ஆயிரம் ரூபாயை, ஒரு பிள்ளையின் கண்ணுக்காகச் செலவிடக் கூடாதா?

அரசு செய்யும்வரை வீட்டில் தொடங்கலாம். எல்.எல்.ஆர். வாங்கினால் 30 நாள் காத்திருந்துதான் உரிமத் தேர்வுக்குப் போக முடியும். அதில் 21 நாள், நாளுக்குக் கால் மணி நேரம், பிள்ளையைப் பஸ்ஸின் முன்பக்க இருக்கையில் உட்கார வைத்து, அடுத்து என்ன நடக்கலாம் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ஆட்டோவின் முன்சக்கரம் திரும்புகிறது. நிறுத்திய காரில் ஆள் இருக்கிறார், கதவு திறக்கலாம். பந்து உருண்டு வருகிறது, பின்னால் பையன் வருவான். மீடியனில் ஒரு இடைவெளி, அங்கே சைக்கிள் நிற்கிறது. மொத்தம் 315 நிமிடம், ஐந்தேகால் மணி நேரம். செலவு பஸ் டிக்கெட் மட்டும்.