கல்லில் வடித்த கணிதம்

உளி பிடிக்கும் கையே கணித சூத்திரத்தையும் எழுதுமோ என்று ஐயுறுவோர், அமெரிக்கச் சிற்பி ஹெலமன் பெர்கூஸனின் வரலாற்றை அறிய வேண்டும். 1940-ஆம் ஆண்டில் பிறந்து, கல் வேலைக்காரர் ஒருவரின் வளர்ப்பு மகனாக வளர்ந்து, கல்லின் குணத்தை இளமையிலேயே அறிந்துகொண்ட அவர், பிற்பாடு கணித சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்று, யூட்டா மாகாணத்துப் பிரிகாம் யங் சர்வகலாசாலையில் பல்லாண்டு பேராசிரியராக விளங்கினார்.

அங்கே ரோட்னி போர்கேட் என்ற சகாவுடன் 1977-இல் அவர் கண்ட கணக்கீட்டு முறை, சில எண்களைக் கொடுத்தால் அவற்றை முழு எண்களால் பிணைக்கும் உறவு உண்டா என்று துருவிக் காண்பது. இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த பத்து முறைகளுள் அதுவும் ஒன்றென 2000-இல் ஒரு விஞ்ஞானப் பத்திரிகை அறிவித்தது. பண்டிதர்களுக்கு அது பெரிது. நமக்கு அவருடைய கல்லே பெரிது.

சமன்பாட்டில் பிறந்த வடிவத்தைக் கல்லில் இறக்குவது எளிதன்று. பார்த்துச் செதுக்க மாதிரி கிடையாது. எவ்விடத்தில் எவ்வளவு வெட்டலாம் என்பதைக் கண்ணால் மட்டும் நிதானிக்கவும் முடியாது. ஆகவே அமெரிக்க அரசின் அளவியல் நிலையத்துப் பொறியாளர் உதவியோடு அவர் கையாண்ட உபாயம் விசித்திரமானது. கைக்கருவியில் ஆறு கம்பிகள் பூட்டப்பட்டிருக்கும். கருவி நகர நகர அவற்றின் நீளம் மாறுவதைக் கொண்டு அதன் முனை நிற்கும் இடத்தைக் கணினி கணித்து, இன்னும் எவ்வளவு ஆழம் போகலாம் என்று சொல்லும். அதாவது, நம் ஸ்தபதிகள் நூல் பிடித்து அளவு பார்க்கும் வேலையையே இயந்திரம் ஏற்றுக்கொண்டது. வெட்டியது மனிதக் கைதான்.

கலிபோர்னியாவிலுள்ள பெர்க்லி நகரத்துக் கணித ஆராய்ச்சி நிலையத்தில் 1993-இல் நிறுவப்பெற்ற 'எண்மடிப் பாதை' என்னும் வெண்சலவைக்கல் சிற்பத்தை அவருடைய சிகரமென்றே சொல்வேன். பெலிக்ஸ் க்ளைன் என்ற ஜெர்மானியர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆராய்ந்த ஒரு வளைவின் உருவம் அது. அதன் மேற்பரப்பு முழுதும் இருபத்து நான்கு எழுகோணங்கள். அவற்றின் ஓரத்தில் விரலை வைத்து, ஒரு சந்திப்பில் இடப்புறமும் அடுத்ததில் வலப்புறமுமாக மாறி மாறித் திரும்பிச் சென்றால், எட்டுத் திருப்பங்களில் விரல் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். கண்ணைவிட விரல் விரைவில் பிடித்துக்கொள்ளும் பாடம் இது. இச்சிற்பத்தை விளக்கி 1999-இல் வெளிவந்த நூலில், கணித மேதை தர்ஸ்டனின் கட்டுரையோடு சிற்பியின் கட்டுரையும் இடம்பெற்றது.

நியூயார்க் மாகாணத்து ஸ்டோனி புரூக் சர்வகலாசாலையில் 2012-இல் எழுந்த 'அம்பிலிக் டோரஸ்' என்னும் வெண்கல வளையம் வேறு ரகம். இருபத்தெட்டு அடிக்கு மேல் உயர்ந்த அதன் வார்ப்புக்கான மணற்கல் அச்சுகளை இயந்திரக் கரமே செதுக்கியது. வளையத்தின் குறுக்குவெட்டு மூன்று முனை கொண்டது. சுற்றிவருகையில் அது சிறிது சிறிதாக முறுக்கிக்கொள்வதால், மூன்று விளிம்புகள் போலத் தோன்றுவது உண்மையில் ஒரே விளிம்பு. மூன்று சுற்று வலம் வந்தால்தான் அது முடியும். வியக்கத்தக்க சாதனையே, ஆயினும் சலவைக்கல்லில் கண்ட நெருக்கம் எனக்கு இதில் கிட்டவில்லை. பீடத்துக் கருங்கல்லில் அவ்வடிவத்தின் சூத்திரத்தையே பொறித்து வைத்திருக்கிறார்கள். வாத்தியார் வழக்கம் எளிதில் விடாது போலும்.