வங்கியின் பெயர் பெரிது, பங்குதாரரின் இடம் கடைசி



கோந்த்வாவில் குடியிருக்கும் நம்மவர்கள் நாள்தோறும் கடந்துசெல்லும் என்.ஐ.பி.எம். சாலை, ரிசர்வ் வங்கி 1969-இல் நிறுவிய தேசிய வங்கி மேலாண்மை நிறுவனத்தின் பெயரைத் தாங்கியது. அதன் இருமருங்கிலும் எழும்பி நிற்பவை அடுக்குமாடி வீடுகள். அவற்றுள் எத்தனையோ வீடுகளுக்கு மாதத்தவணை இன்னும் முடியவில்லை. வீடும் வங்கியும் எவ்வளவு நெருங்கிப் பிணைந்தவை என்பதற்கு இதுவே சாட்சி.

வீட்டு விற்பனை மந்தமாகும்போது வங்கிப் பங்குகளின் விலையும் இறங்குவதுண்டு. "வங்கிதானே, எங்கே போய்விடும்? மலிவாய்க் கிடைக்கையில் வாங்கிப்போடுங்கள்" என்று சிலர் ஆலோசனை கூறுவார்கள். அதற்குச் செவிகொடுக்குமுன், நம் கண்முன் நடந்ததைச் சற்று நினைத்துப் பாருங்கள்.

2018 செப்டம்பரில் ஐ.எல். அண்டு எஃப்.எஸ். நிறுவனம் கடனைத் திருப்பிச் செலுத்தத் தவறியது. வீட்டுக்கடன் நிறுவனங்களுக்குப் பணம் கிடைப்பது அரிதாயிற்று; அவற்றை நம்பியிருந்த கட்டுமானங்கள் பல பாதியில் நின்றன. 2019-இல் திவான் ஹவுசிங் நிறுவனம் தவணை தவறியது. அதற்குப் பெருங்கடன் கொடுத்திருந்தவற்றுள் எஸ் வங்கியும் ஒன்று. வேறு பல பெருநிறுவனங்களின் கடன்களும் அவ்வங்கியை அழுத்தின. 2020 மார்ச் 5 அன்று ரிசர்வ் வங்கி அதைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது.

விளைவைக் கவனியுங்கள். வைப்புதாரர்கள் சில நாட்கள் தவித்தார்கள். ஆயினும் அவர்கள் பணம் தப்பியது. 8,415 கோடி ரூபாய்க் கடன்பத்திரங்களோ முற்றிலும் இல்லாமற்போயின. 2018 ஆகஸ்டில் 400 ரூபாயை எட்டிய பங்கு, மறுநாள் ஒரு கட்டத்தில் 6 ரூபாய்க்கும் கீழே போயிற்று. ஒரு இலட்சம் ரூபாய், 1,500 ரூபாயானது! நூறு பங்குகளுக்குமேல் வைத்திருந்தோர், அவற்றில் முக்கால் பங்கை மூன்றாண்டுகள் விற்கவும் தடை வந்தது. திவான் ஹவுசிங் பங்குதாரர்களுக்கோ 2021-இல் ஒன்றுமே மிஞ்சவில்லை.

காரணம் எளியது. வங்கி கொடுக்கும் நூறு ரூபாய்க் கடனில் பங்குதாரரின் பணம் ஏறக்குறைய பத்து ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், மீதியெல்லாம் பிறருடையது. பத்து ரூபாய் திரும்பி வராவிட்டால், முதலில் அழிவது பங்குதாரரின் பணமே. ஐந்து இலட்சம் வரையான வைப்புக் காப்பீடும் பங்குகளுக்கு இல்லை.

நகரத்திற்குப் பிழைக்க வந்த நமக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. கட்டுமானத் தொழிலில் வேலை, கடனில் வாங்கிய வீடு, சேமிப்போ வங்கிப் பங்கில்! வீட்டுச் சந்தை சரிந்தால் மூன்றும் ஒருமிக்க ஆடும்.

எல்லா வங்கிகளும் விழுந்துவிடுவதில்லை. ஆயினும் பங்கு வாங்குமுன், அந்த வங்கி கட்டுமான நிறுவனங்களுக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறது, வாராக்கடன் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அதன் ஆண்டறிக்கையில் ஆராய்ந்து பாருங்கள். பிள்ளைகளின் படிப்புக்கும் வீட்டுத் தவணைக்கும் வைத்த பணத்தை ஒருபோதும் இதில் இறக்காதிருங்கள். விலை இறங்கியது என்பதனாலேயே அது மலிவு ஆகிவிடாது.