கொழுந்துக் கூடையும் ஏழு கழுத்தெலும்பும்

பிள்ளைகளே, ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு பஸ்ஸில் போகும்போது தலவாக்கலைப் பக்கம் ஜன்னலால் எட்டிப் பாருங்கள். சரிவில் நின்று கொழுந்து பறிக்கும் தாய்மாரின் கூடை முதுகில் இருக்கும், அதன் கயிறோ தோளில் இல்லை, தலையில். இப்போது பல தோட்டங்களில் கூடை போய் பை வந்துவிட்டது. கயிறு மட்டும் இறங்கவில்லை. பச்சைக் கொழுந்து நிறைய நிறைய, அந்தப் பாரத்தில் ஒரு பங்கைக் கழுத்து வாங்குகிறது.

அந்தக் கழுத்தில் எத்தனை எலும்பு? ஏழே ஏழு. ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழுதான், ஒவ்வொன்றும் நீளம் என்பது மட்டும் வித்தியாசம். நமது முதலாவது கழுத்தெலும்பு ஒரு வளையம். மண்டையோட்டைத் தாங்கிக்கொண்டு "ஆம்" என்று தலையசைக்க விடுகிறது. இரண்டாவதில் முளை போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முளையைச் சுற்றி வளையம் திரும்பும்போது "இல்லை" என்கிறோம். தொழுகை முடிவில் வலமும் இடமும் ஸலாம் கொடுக்கிறோமே, அதற்கும் பெரும்பங்கு இந்த மூட்டுத்தான்.

உங்கள் விஞ்ஞானப் புத்தகம் "என்பு" என்று சொல்லும், வீட்டில் உம்மா "எலும்பு" என்பா. இரண்டும் ஒன்றே. வளர்ந்த ஒருவருக்கு 206 எலும்புகள். பிறந்த குழந்தைக்கோ ஏறத்தாழ 300! கூடுதலானவை எங்கே போயின? எங்கும் போகவில்லை, வளர வளர ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அந்த 206இல் 106 எலும்புகள் கைகளிலும் பாதங்களிலுமே இருக்கின்றன: ஒரு கையில் 27, ஒரு பாதத்தில் 26.

கையில் பெருவிரலின் அடியைத் தொட்டுப் பாருங்கள். நுவரெலியா கிறகறி வாவிக்கரையில் மட்டக்குதிரைச் சவாரி போயிருப்பீர்கள். குதிரையின் முதுகில் சேணம் உட்கார்ந்திருப்பது போலத்தான் அங்கே ஓர் எலும்பின்மேல் மற்றது உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் பெருவிரல் மற்ற விரல்களை எதிர்கொண்டு தொடுகிறது. இந்தச் சேண மூட்டு இல்லையென்றால் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ள முடியாது; சிலோன் தேயிலை என்று ஒன்று உலகத்துக்குப் போயிருக்கவும் மாட்டாது.

முழங்கையும் முழங்காலும் கதவுப் பிணைச்சல் போல, பெரும்பாலும் ஒரு திசையில் மடியும். தோளும் இடுப்பும் அப்படியில்லை. ஆட்டுக்கல்லின் குழிக்குள் குழவி சுழல்வது போல எல்லாப் பக்கமும் திரும்பும். தக்பீருக்குக் கை உயர்த்தத் தோள், ருகூஉக்குக் குனிய இடுப்பு. எலும்பும் எலும்பும் உரசாமல் முனைகளில் வழுவழுப்பான கசியிழையம் பூசியிருக்கிறது. நடுவில் முட்டை வெள்ளைக்கருவைப் போன்ற ஒரு திரவம் எண்ணெயாக வேலை செய்கிறது. கசியிழையத்தில் இரத்தக்குழாய் கிடையாது, தேய்ந்தால் திரும்ப வளர்வது மிகக் கடினம். ஆண்டுக்கணக்காக மலை ஏறி இறங்கிய பெரியம்மாமார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவதைச் சோம்பல் என்று யாராவது சொன்னால், இதை எடுத்துச் சொல்லுங்கள்.

ஸுஜூது செய்யும் ஏழு உறுப்புகளை நபி (ஸல்) அவர்கள் ஏழு எலும்புகள் என்றே குறிப்பிட்டார்கள்: நெற்றி, இரு கைகள், இரு முழங்கால்கள், இரு பாதங்கள். மனித உடலில் 360 மூட்டுகள் உள்ளன என்று ஆயிஷா (ரழி) அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. எதை மூட்டு என்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து வைத்திய நூல்களில் தொகை மாறும். சிலர் 360ஐ எப்படியாவது கூட்டிக் காட்டப் பாடுபடுகிறார்கள். எனக்கு அது தேவையாகத் தெரியவில்லை. அந்த ஹதீஸ் பேசுவது ஒவ்வொரு மூட்டுக்கும் நாம் செய்யவேண்டிய நன்மையைப் பற்றி. பாதையில் கிடக்கும் கல்லை அகற்றுவதும் அதில் வருகிறது.

எண்ணிப் பார்ப்பதில் நம்மவர் ஒருவரைச் சொல்லவேண்டும். அப்துல் லதீஃப் அல்பக்தாதி, 1162இல் பக்தாதில் பிறந்தவர். கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று கிரேக்க வைத்தியர் கலென் எழுதியிருந்தார், ஆயிரம் வருடங்களாக எல்லாரும் நம்பினார்கள். 1200ஐ ஒட்டி எகிப்தில் கொடிய பஞ்சம். கெய்ரோவுக்கு அருகே அல்மக்ஸ் என்ற இடத்தில் குவிந்து கிடந்த எலும்புகளிடையே அப்துல் லதீஃப் 2000க்கும் அதிகமான மண்டையோடுகளைப் பார்த்தார். கீழ்த்தாடை ஒன்றே, பொருத்து எதுவும் இல்லை. தன் கண்ணை மட்டும் நம்பாமல் மற்றவர்களையும் பார்க்கச் சொன்னார். அதன் பிறகே எழுதினார். கலென் பெரும்பாலும் மிருகங்களை அறுத்துப் பார்த்தவர். இன்னொரு விசயம்: பிறந்த குழந்தையின் கீழ்த்தாடை உண்மையில் இரண்டு துண்டுதான், முதல் வருடத்தில் ஒட்டிக்கொள்கிறது.

உங்கள் எலும்புகள் இன்னும் வளர்கின்றன. நீண்ட எலும்புகளின் முனைக்கருகே கசியிழையத் தட்டு ஒன்று உண்டு, நீளம் கூடுவது அங்கேதான். பாலும், குரக்கனும், முள்ளோடு மென்று தின்னும் நெத்தலிக் கருவாடும் அதற்கு வேண்டிய கல்சியம் தரும். ஆனால் சரிவில் வழுக்கி விழுந்து அந்தத் தட்டு முறிந்து, கவனிக்காமல் விட்டால் கை கோணலாகவோ கட்டையாகவோ நின்றுவிடலாம். ஆகவே எண்ணெய் பூசி இழுத்துவிட யாரையும் விடாதீர்கள். கிடக்கும் நிலையிலேயே ஒரு பலகைத் துண்டையோ மடித்த பத்திரிகையையோ வைத்து, உம்மாவின் சால்வையால் இறுக்காமல் கட்டி, டிக்கோயா ஆஸ்பத்திரிக்கோ நுவரெலியா ஆஸ்பத்திரிக்கோ கொண்டுபோகச் சொல்லுங்கள். வழியில் தேத்தண்ணி கொடுக்கவேண்டாம். எலும்பைப் பொருத்த மயக்க மருந்து தேவைப்பட்டால் வயிறு வெறுமையாக இருக்கவேண்டும்.