விலை கூறுவோர் கணக்கு

தருமபுரி மாவட்டத்தில் புளியமரங்களின் மகசூலை ஏலம் எடுக்கும் வணிகர், மரத்தை அண்ணாந்து பார்த்தே காய்ப்பை மதிப்பிடுவார். உலுக்கும் கூலி, ஓடுடைத்துக் கொட்டை நீக்கும் கூலி, வண்டி வாடகை ஆகியவற்றைக் கழித்துத் தம் எல்லைத் தொகையை மனத்துள் வைத்துக்கொண்டே கேட்கத் தொடங்குவார். மற்றொருவர் அதனைத் தாண்டிவிட்டால் விலகுவதா, மேலே செல்வதா என்பதே அவர்தம் இக்கட்டு. நிறுவனங்களை விலைக்கு வாங்குவோர் நிலையும் இதுவேயாகும்.

1946இல் தோன்றிய நம் மாநிலத்து இந்தியா சிமெண்ட்ஸ், 1998இல் ஆந்திரத்து ராசி சிமெண்ட்டை அதன் தலைவர் பி. வி. ராஜுவின் விருப்பத்திற்கு மாறாக வாங்க முற்பட்டது. பொதுமக்களிடமிருந்து பங்கு ஒன்றை 300 ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தது. முன்னர்ச் சந்தையில் நிலவிய விலையினும் இது பெரிதும் மிகுதி. எதிர்த்து நின்ற ராஜுவும் ஏப்ரலில் தம் தரப்புப் பங்குகளை விற்றுவிட்டார்.

சந்தை தராத விலையை ஒருவர் ஏன் தருகிறார்? சிறு பங்குதாரர் காண்பது ஆண்டு ஈவுத்தொகையை. வாங்குபவரோ, அதே அளவில் புதிய ஆலை எழுப்ப எத்தனை கோடியும் எத்தனை ஆண்டும் ஆகும், சுண்ணாம்புக்கல் சுரங்கம் கிட்டுமா என்று கணக்கிடுகிறார். அந்த ஆலை போட்டியாளர் கைக்குப் போனால் தமக்கு நேரும் இழப்பையும் சேர்க்கிறார். இக்கடைசிக் கணக்கைத் தாளில் எழுதுவது அரிது. விலையை ஏற்றிவிடுவது பெரும்பாலும் அதுதான்! ஏலத்தில் வென்றவரே எல்லாரினும் மிகையாக மதிப்பிட்டவராகவும் இருக்கக்கூடும் என்பர் பொருளியலார். கடன்பட்டு விரிவடைந்த இந்தியா சிமெண்ட்ஸும் பிற்காலத்தில் கடன்சுமையால் அல்லலுற்றது.

வாங்கிய நிறுவனமே விலைபோகும் காலமும் வந்தது. ஆதித்ய பிர்லா குழுமத்தின் அல்ட்ராடெக், 2024 ஜூனில் இந்தியா சிமெண்ட்ஸின் ஏறத்தாழ 23 விழுக்காட்டுப் பங்குகளை, ஒன்று சுமார் 267 ரூபாய் வீதம், வெளி முதலீட்டாளரிடம் வாங்கியது. அடுத்த மாதமே நிறுவனத்தை நடத்தி வந்தோரின் 32.72 விழுக்காட்டிற்கு 390 ரூபாய் வீதம் தர ஒப்புக்கொண்டது. பங்கு ஒன்றே, விலை மட்டும் இரண்டு. முன்னது உடைமையை மட்டுமே தந்தது. பின்னதுடன் நிர்வாகப் பொறுப்பும் கைமாறியது. இடைப்பட்ட 123 ரூபாய் அவ்வதிகாரத்தின் விலை எனலாம்.

இவ்வதிகார விலை நடத்துவோருக்கு மட்டும் சென்றால் மற்றவர் ஏமாறுவர் அல்லவா? அதற்கே செபியின் 2011ஆம் ஆண்டு விதிகள் உள்ளன. 25 விழுக்காட்டை எட்டுவோர், ஏனையோரிடமும் மேலும் 26 விழுக்காட்டை வாங்க முன்வர வேண்டும்; தாம் பிறருக்குத் தந்த உயர்ந்த விலைக்குக் குறையவும் கூடாது. ஆகவே ஏலத்தில் ஏற்றும் ஒவ்வொரு ரூபாயையும் வாங்குபவர் இருமுறை எண்ண வேண்டியதாயிற்று. நூறு பங்கு வைத்திருந்த சிறு முதலீட்டாளருக்கும் அதே 390 ரூபாய் விலையே அறிவிக்கப்பட்டது.