பழஞ்சோற்றில் பெருகும் உயிர்கள்

தாழ்வுபாட்டு மீனவர் வீடுகளுக்குப் பழஞ்சோறு புதிதல்ல. இரவில் சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி மூடிவைத்தால், விடிவதற்குள் லாக்டிக் அமில பக்டீரியாக்கள் பெருகி இலேசான புளிப்பு ஏறும். தயிரை உறையவைப்பவையும் இந்த வகையே.

நம் உடலிலும் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பக்டீரியாக்கள் உண்டு, பெரும்பாலானவை பெருங்குடலில். நமக்குச் செரிக்காத நார்ப்பொருளை இவை நொதிக்கவைத்து, குடற்சுவருக்கு உணவாகும் கொழுப்பமிலங்களை ஆக்குகின்றன. நோயெதிர்ப்பு ஆற்றலைப் பழக்குவதிலும் இவற்றுக்குப் பெரும் பங்குண்டு. எனவே தயிர் மட்டும் போதாது. ஒடியற்கூழ், முருங்கையிலை, பயறு என்று நார்ச்சத்தும் வேண்டும். நல்ல பக்டீரியாக்கள் அடங்கிய புரோபயோட்டிக் மாத்திரை எல்லோருக்கும் அவசியமில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம்: வைத்தியர் சொல்லாமல் அன்டிபயோட்டிக் வாங்கி விழுங்காதீர்கள். அது நல்ல பக்டீரியாக்களையும் சேர்த்தே அழித்துவிடும்.