பச்சையாகும் விழுது

அரைத்து ஃப்ரிட்ஜில் வைத்த இஞ்சி பூண்டு விழுது மறுநாளே பச்சையாகிவிட்டதாம். விஷமோ என்று பயந்து கொட்டிவிட்டதாக வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கொட்டியிருக்க வேண்டியதில்லை.

அந்த நிறம் பூண்டின் வேலை. பூண்டுப் பல்லுக்குள் அல்லினேஸ் என்ற நொதி ஓரிடத்திலும் கந்தகச் சேர்மங்கள் வேறிடத்திலும் இருக்கின்றன. மிக்ஸியில் அரைபட்டதும் இரண்டும் கலந்துவிடும். அதில் பிறக்கும் பொருள்கள் பூண்டிலேயே உள்ள அமினோ அமிலங்களோடு சேர்ந்து பைரோல் வளையங்களாகின்றன. அந்த வளையங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டால் நீலம், பச்சை. கீரைக்கு நிறம் தரும் பச்சையத்திலும் இதே வளையம்தான் இருக்கிறது. நெடுநாள் குளிரில் கிடந்த பூண்டு சீக்கிரம் பச்சையாகும். வினிகர் சேர்ந்தால் இன்னும் அழுத்தமாக. வட சீனாவில் இந்த நிறத்துக்காகவே பூண்டை வினிகரில் ஊறவைத்துப் புத்தாண்டுக்குச் சாப்பிடுகிறார்கள். லாபா பூண்டு என்று பெயர். மேலாகப் பழுப்பு ஏறுவதும் காற்று பட்டதால்தான், பயமில்லை.

கெட்டுப்போனதற்கு அடையாளம் வேறு. மூடியைத் திறந்ததும் 'புஸ்' என்று காற்று வரும், நாள்பட்ட இட்லி மாவுபோலப் புளித்த வாடையும் குமிழும் இருக்கும், கரண்டியில் எடுத்தால் கொழகொழவென்று நூல் விடும். பூஞ்சை ஒரு புள்ளி தெரிந்தாலும் மேலே வழித்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தக் கூடாது. அதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இறங்கியிருக்கும்.

எனக்குள்ள கவலையெல்லாம் எந்த அடையாளமும் காட்டாத ஒன்றைப் பற்றித்தான். எண்ணெய் மிதந்தால் ஊறுகாய் கெடாது என்ற நம்பிக்கையில் விழுதின் மேலும் எண்ணெய் ஊற்றி, அலமாரியிலேயே வைத்துவிடுகிறோம். ஊறுகாயைக் காப்பது புளிப்பும் உப்பும். விழுதில் அந்த அளவு புளிப்பு இல்லை. எண்ணெய் காற்றைத் தடுக்க, மண்ணிலிருந்து ஒட்டிவந்த போட்டுலினம் கிருமிக்கு அதுவே வசதியாகிவிடும். 1985இல் கனடாவின் வான்கூவரில், ஃப்ரிட்ஜில் வைக்காத எண்ணெய்ப் பூண்டைச் சாப்பிட்ட 36 பேருக்கு அந்தக் கிருமியின் நஞ்சு ஏறியது. இமை தொங்கும், பார்வை இரட்டையாகும், மூச்சே நின்றுபோகலாம். வாடையிலோ ருசியிலோ அது தெரியாது.

ஒரு வாரத்துக்குப் போதுமான அளவே அரைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஈரக் கரண்டி போடாதீர்கள். கூடுதலாக அரைத்துவிட்டால் மிச்சத்தை ஐஸ் ட்ரேயில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள், மாதக்கணக்கில் தாங்கும். எண்ணெய் ஊற்றிய பாட்டில் அலமாரியில் இருந்தால், ருசி பார்க்காமல் இன்றே அப்புறப்படுத்துங்கள்.